நாற்பத்தோராவது வரி

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதிவைத்த பெயரை யாராவது, என்றைக்காவது தேடி எடுத்துவிடலாம் என்ற பயம், அவரோடு ஆறு வருடம் வேலை செய்ததில் எனக்குள் இறங்கிவிட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். தமிழே தெரியாத கியூபெக்காரர்கள்கூட ‘பொன்ஜூர் அக்கா’ என்பார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

எந்த ஆணைப் பார்த்தாலும் அக்காவின் கண் முதலில் அவனுடைய இடது காதுக்குப் போகும். பிறகுதான் முகத்துக்கு வரும். வேலைக்கு எடுத்த நேர்காணலில் எங்கள் மேலாளர் பேசப் பேச இவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மனிதர் கூச்சப்பட்டுக் கைக்குட்டையை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். பனிக்காலத்தில் ஊரே தொப்பிக்குள் காதை மறைத்துக்கொள்ளும். அந்த ஐந்து மாதமும் மெட்ரோவில் அக்காவுக்கு நிம்மதி இருக்காது. உள்ளே வந்தவர்களில் யாராவது தொப்பியைக் கழற்றுகிறார்களா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

நான் மதுரைக்காரி. மொன்றியலுக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலையில் சேர்ந்து தங்கிவிட்டவள். அக்கா யாழ்ப்பாணம். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் பதவியில் நான்தான் மேலே. கூட்டங்களில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டம் முடிந்து கதவு சாத்தியதும் ‘தங்கச்சி’ ஆகிவிடுவேன்.

எங்கள் நிறுவனம் சின்னது. வக்கீல் அலுவலகங்கள், காப்புறுதிக்காரர்கள் போன்றவர்களின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து எழுத்துக் கோப்புகளாக மாற்றுவோம். அவற்றில் வரும் ஆட்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கறுப்படித்துத் திருப்பிக் கொடுப்போம். கண்டுபிடிப்பது அக்காவின் வேலை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரு பெயரை ஒரே மாதிரி யாரும் எழுதுவதில்லை. ஒருவர் ஒரு எழுத்தை விடுவார், இன்னொருவர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு முறையில் எழுதுவார், ஸ்கேன் இயந்திரம் எழுத்தை எண்ணாகப் படித்துவிடும். அதனால் பெயரைத் தேடாமல் பெயருக்கு ஓர் அச்சு செய்து அதைத் தேடுவோம். இந்த இடத்தில் இந்த எழுத்தோ அந்த எழுத்தோ வரலாம், இங்கே ஓர் எழுத்து இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, இங்கே எது வந்தாலும் சரி என்று குறிகளால் எழுதிக் கொடுத்தால் கணினி அந்த அச்சில் அடங்கும் எல்லாவற்றையும் எடுத்துத் தரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று நாங்கள் நீட்டி முழக்குவதை அக்கா அச்சு என்றுதான் சொல்வார். “அச்சுக்குள்ள விழுந்தா எடு, விழாட்டி விடு. வேறொண்டும் இல்லை.”

அவர் வருவதற்கு முன்னால் நாங்கள் ஓர் அச்சைக் கொடுத்து எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கவிடுவோம். பிறகு அடுத்த அச்சு, மறுபடி முதலிலிருந்து. முந்நூறு அச்சு என்றால் முந்நூறு தடவை. திங்கட்கிழமை ஓடவிட்டது வியாழக்கிழமை முடியும். அக்கா வந்த இரண்டாவது வாரம் எல்லா அச்சுகளையும் வரிக்கு ஒன்றாக ஒரே கோப்பில் எழுதினார். கணினி ஒவ்வொரு காகிதத்தையும் ஒரே ஒரு தடவைதான் படிக்கும், படிக்கும்போதே முந்நூறையும் சேர்த்துப் பார்த்துவிடும். அதிலும் ஒவ்வொரு அச்சிலும் எங்கும் எளிதில் கிடைக்காத எழுத்துத் துண்டு எது என்று பார்த்து, முதலில் அதை மட்டும் தேடச் சொன்னார். அந்தத் துண்டே இல்லாத காகிதத்தில் அந்த அச்சைப் பொருத்திப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. திங்கட்கிழமை வேலை திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். “ஒருக்காத்தான் போகவேணும், தங்கச்சி. தேடுறது எல்லாத்தையும் மனசில வச்சுக்கொண்டு ஒரே நடையில போயிடவேணும். திரும்பிப் போனா அதே இடம் எண்டு நினைப்பியள். அது அதே இடமா இருக்காது.”

ஜான்-டலோன் சந்தையிலும் அப்படித்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. மதியத்தில் இருவரும் போவோம். கத்தரிக்காய், தக்காளி, கொத்தமல்லி என்று எட்டு ஒன்பது சாமான் மனதில் இருக்கும். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்துவிடுவார். கண்ணில் பட்டது பைக்குள் போகும். தவறவிட்டது தவறவிட்டதுதான், மூன்று எட்டு பின்னால் இருந்தாலும் திரும்ப மாட்டார். ஒருமுறை நான் ஓடிப்போய் அவர் விட்டுவிட்ட கத்தரிக்காயை வாங்கிவந்து நீட்டினேன். “நீங்கள் கொண்டு போங்கோ” என்று என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

அவர் குடியிருந்தது கோட்-டெ-நெய்ஜில், பெரிய செங்கல் கட்டடம் ஒன்றில். ஒருநாள் சாயங்காலம் அவரோடு போனபோது நுழைவாசலில், அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயர்களை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

“மூண்டாம் மாடியில ஆரோ புதுசா வந்திருக்கினம். பழைய ஆள் போயிட்டார்.”

“தெரிஞ்சவங்களாக்கா?”

“இதில எழுவத்திரண்டு மணி இருக்கு. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது” என்றார். “பேர் மட்டும் தெரியும்.”

பிறகு ஒரு சமயம், வருடாந்திரச் சரிபார்ப்பு என்று அக்காவின் அச்சுக் கோப்பை நான் முழுவதும் படிக்க வேண்டிவந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது எந்த வாடிக்கையாளருக்கானது என்று ஒரு குறி இருக்க வேண்டும். நாற்பத்தோராவது வரிக்குக் குறி இல்லை. திரையின் அகலத்துக்கு அடங்காத நீளமான வரி. குறிகளை விலக்கி விலக்கிப் படித்தேன். தமிழ்ப் பெயர். உண்மைப் பெயரை விட்டுவிட்டு ஞானசீலன் என்று வைத்துக்கொள்கிறேன், அதே அளவுக்குச் சிக்கலான பெயர்தான். தொடக்கத்தின் ‘ஞா’வையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். நடுவில் ஓர் ‘ஈ’, அதற்கு மூன்று விதம். பிரெஞ்சுக்காரர் எழுதினால் கடைசியில் ஒரு ‘e’ சேரும். அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்பாவின் பெயர். ஐயாத்துரை என்று வைத்துக்கொண்டால், அதற்கு இன்னும் பத்து விதம். இத்தனையும் அந்த ஒரு வரிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மதியம் சாப்பாட்டு அறையில் கேட்டேன். “அக்கா, நாப்பத்தோராவது வரி யாரோடது?”

சம்பல் டப்பாவை மூடினார். “என்ர.”

“புரியலைக்கா.”

“அது என்ர தம்பி.”

தம்பி பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன். சண்டைக் காலம். ஏஜென்ட் ஒருவன் தாய்லாந்து வழியாகக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டிப்போனான். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் கனடா, போனதும் அக்காவைக் கூப்பிடுவேன் என்றான். அவ்வளவுதான். இருபத்தேழு வருடம். அக்கா கலியாணமாகி மொன்றியலுக்கு வந்தார். கணவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. ஊரில் அம்மா போன வருடம்தான் இறந்தார், கடைசிவரை மகனுக்குக் கிரியை செய்ய விடாமலே. சின்ன வயதில் வீட்டு நாய் வீமன் கடித்து, தம்பியின் இடது காதில் மேல் நுனி இல்லை.

“அப்ப நீங்க இந்த வேலைக்கு வந்ததே…”

“ஓம். இவ்வளவு பேரின்ர கடதாசி வேற எங்க கிடைக்கும்?”

ஆறு வருடமாக எங்களிடம் வந்த ஒவ்வொரு விபத்து அறிக்கையும், ஒவ்வொரு வழக்கும், ஒவ்வொரு மருத்துவக் கடிதமும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. வாடிக்கையாளரின் காகிதத்தைச் சொந்தத் தேவைக்குப் பார்ப்பதில்லை என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் மேலே சொல்லியிருக்க வேண்டும். “அந்த வரியை எடுத்துடுங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். “எடுக்கிறன்” என்றார். அவர் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த அச்சில் ஒரு பெயர் விழுந்தது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். எனக்கு எதிர் மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனதை நான் முதலில் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். கிட்டங்கி ஒன்றில் வழுக்கி விழுந்த தொழிலாளியின் படிவம். யாரோ ஒரு குமாஸ்தா கேட்டபடி பிரெஞ்சு முறையில் எழுதிய பெயர், கடைசியில் அந்த ‘e’. அதற்குக் கீழே பிறந்த தேதி. அதற்குக் கீழே தாயின் பெயர். முகவரி பியர்பொன்ட்ஸ், இதே ஊரின் மேற்கு ஓரம்.

“திகதி சரி” என்றார் அக்கா. “அம்மான்ர பேரும் சரி.” பிறகு எழுந்துபோய், ஏற்கனவே கழுவியிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து மறுபடி கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீரை நான்தான் மூடினேன்.

“நான் உங்களை வரச்சொல்லிக் கேக்கேல்லை. வெள்ளிக்கிழமை லீவு மட்டும் தாங்கோ” என்றார்.

அவரிடம் கார் இல்லை. கோட்-டெ-நெய்ஜிலிருந்து பியர்பொன்ட்ஸுக்குப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அவர் என்ன ஆவாரோ என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும், லீவு வேண்டாம், சனிக்கிழமை போகலாம் என்று சொல்லி, அன்று காலை என் காரை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். வழியில் அக்கா ஒருமுறை மட்டும், “அச்சில விழுறது எல்லாம் அது இல்லை, தங்கச்சி” என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பனி மூடிய சின்ன பங்களா. கதவைத் திறந்தது ஒரு தமிழ்ப் பெண். நாங்கள் யாரென்று சொல்வதற்குள் பின்னாலிருந்து அந்த மனிதர் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, கட்டை உருவம். இரண்டு காதும் முழுசாக இருந்தன. எனக்கே தெரிந்தது என்றால் அக்காவுக்கு எப்போது தெரிந்திருக்கும்.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு, “சின்னக்கா” என்றார்.

வீட்டில் தம்பி மட்டும்தான் அவரை அப்படிக் கூப்பிடுவான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தார். அப்புறம் ‘ஐயோ’ என்று அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். “மச்சாள்! இவர் உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. வினிபெக்கில இருந்து இஞ்ச வந்து மூண்டு வரியம். இந்த ஊரிலயா இருந்தனீங்கள்?” உள்ளேயிருந்து பதினாலு வயது மகள் வந்தாள். அவள் பெயரைச் சொன்னாள். பெயருக்குப் பின்னால் தம்பியின் பெயர் இருந்தது. அக்கா அவள் தலையில் கைவைத்தார்.

சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அந்த மனிதர் பேசினார். நிறுத்தினால் ஏதாவது நடந்துவிடும் என்பதுபோலப் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா சைக்கிளில் இருந்து விழுந்து முழங்கால் கிழிந்த நாள். முற்றத்து வேம்பில் கட்டியிருந்த ஊஞ்சல். வீமன் கடித்தபோது அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசியது. ‘என்னைக் கடிச்சது’ என்றே சொன்னார், சொல்லும்போது கை தானாக இடது காதுக்குப் போனது. ஒன்றும் பிசகவில்லை. அக்கா ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார். அந்த ஒரு மணிநேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடு அன்றைக்கே இடிந்திருக்கும். மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு, ஹீட்டர் ஏதோ சத்தம் போடுகிறது என்று அவர் எங்கள் இருவரையும் நிலவறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்.

“அக்கா, நான் அவன் இல்லை.”

“தெரியும்.”

“எப்ப தெரிஞ்சது?”

“கதவு திறக்கேக்கையே. அவன் எங்க?”

அந்த மனிதர் படியில் உட்கார்ந்துவிட்டார். பாங்கொக்கில் ஓர் அறையில் பதினொரு பேர். இவரும் தம்பியும் ஒரே பாயில் படுத்தவர்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பிடிபட்டுவிடுவோம் என்று ஏஜென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடவில்லை. ஐந்து நாள் காய்ச்சலில் தம்பி வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஆறாவது நாள் காலையில் உயிர் இல்லை. உடம்பை ஏஜென்டின் ஆட்கள் எடுத்துப் போனார்கள், எங்கே என்று இவருக்குத் தெரியாது. தம்பியின் பெயரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தயாராக இருந்தன. அவற்றோடு இவரை ஏற்றிவிட்டார்கள்.

“வந்து இறங்கினதும் உங்களுக்கு எழுதத்தான் நினைச்சனான். எழுதினா அவன் செத்ததாப் போகும். அவன் செத்தா நான் ஆர்?” என்றார். “விசாரணையில கேப்பாங்கள் எண்டு அவன் சொன்னது எல்லாத்தையும் பாடமாக்கினனான். வீடு, கிணறு, நாய், நீங்கள். உங்கட படத்தையும் அவன் காட்டினவன். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கு என்ர வீட்டுக் கிணறு ஞாபகமில்லை அக்கா. உங்கட வீட்டுக் கிணறுதான் ஞாபகம்.”

அம்மா இருபத்தாறு வருடம் காத்திருந்ததை அக்கா சொல்வார், அறைவார், கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

“உங்கட பேர் என்ன?”

அவர் வாயைத் திறந்தார். தம்பியின் பெயர்தான் வந்தது. தலையை உலுக்கிக்கொண்டு மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஹீட்டர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கி, ஓடி, நின்றது. அதற்குப் பிறகுதான் தன் பெயரைச் சொன்னார், தூக்கத்தில் முனகுவதுபோல.

“இங்கிலீசில எப்பிடி எழுதுவியள்?”

“ஒருநாளும் எழுதினதில்லை.”

அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவருடைய ஊர், தாயின் பெயர், வீட்டைவிட்டு வந்த வருடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். தேடி வந்தவர்களிடமிருந்து தப்பி, வீட்டில் சொல்லாமலே கொழும்புக்கு ஓடியவர் அவர். வீட்டுக்கு அவர் காணாமல் போனவர்தான்.

மார்ச்சில் தம்பிக்குக் கிரியை நடந்தது. செய்ய ஆண்பிள்ளை வேண்டும் என்று ஐயர் சொன்னபோது அக்கா அந்த மனிதரைக் கூப்பிட்டார். மனைவியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, வந்தார். ஐயர் இறந்தவரின் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். செய்பவரின் பெயரைக் கேட்டார். அந்த மனிதர் பழக்கத்தில் அதே பெயரைச் சொல்லிவிட்டார். ஐயர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “அது செத்தவற்ற பேர். உங்கட பேரைச் சொல்லுங்கோ.” தர்ப்பை போட்ட விரலோடு அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையாக அவர் தன் பெயரைச் சொன்னார்.

அந்த வாரமே அக்கா வேலையை விட்டார். நான் காரணம் கேட்கவில்லை. அச்சுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தோராவது வரி வெறுமையாக இருந்தது.

வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பொதுவில் போட்டுவைத்திருக்கும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய உண்டு. இந்த மனிதரின் பெயருக்கு அச்சு செய்து எல்லாவற்றிலும் ஓடவிட்டார். ஒன்றில் விழுந்தது. தாய் எழுதிக் கொடுத்தது. தாய் உயிரோடு இருந்தார். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு தெருவோரப் போராட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் படமும் இருந்தது.

அந்த மனிதரை அழைத்துக் காட்டினார். அவர் ஒருமாதம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷூவைக்கூடக் கழற்றாமல் அக்காவின் வீட்டுக்குள் வந்து, “அம்மாவுக்குப் போன் எடுங்கோ” என்றார். நானும் இருந்தேன். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

அந்தத் தாயின் குரலில் இளக்கமே இல்லை. “கனடாவில இருந்தோ? எத்தினை பேர் இப்பிடி எடுத்தவங்கள் தெரியுமே? என்ர பிள்ளை எண்டா சொல்லட்டும். எங்கட முத்தத்தில என்ன மரம் நிண்டது?”

“வேம்பு” என்றார் அவர் உடனே.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வேம்பு நின்றது அக்காவின் வீட்டில்.

“நாயின்ர பேர்?”

“வீமன்.”

“உன்ர தங்கச்சி கிணத்தில விழேக்க ஆர் இறங்கினது?”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு தோண்டியும் உள்ளேயிருந்து இன்னொருவனின் கிணறுதான் வந்துகொண்டிருந்தது என்பது பார்க்கவே தெரிந்தது. “தெரியேல்லை” என்றார். “எனக்குத் தெரியேல்லை.”

இணைப்பு அறுந்தது. அவர் எழுந்து போனார். படி இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். வேலையை விட்ட பிறகும் அக்கா மதியத்தில் என்னோடு சந்தைக்கு வருவார். மே மாதம் தொடங்கியிருந்தது. பூச்செடிக் கடைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் நின்றுவிட்டார். நானும் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“அண்டைக்குப் பிழையாச் சொன்ன பிள்ளை உங்களோட இருக்கிறானோ?”

“ஏன் அம்மா?”

“இவ்வளவு வரியமா எடுத்தவங்கள் எல்லாரும் சரியாத்தான் சொன்னவங்கள். மரம், நாய், கிணறு, எல்லாம் சரி. நாங்கள்தானே எல்லா இடமும் எழுதிக் குடுத்தனாங்கள், அதை வாசிச்சுப்போட்டுச் சொல்லுவாங்கள். இவன் ஒருத்தன்தான் ஒண்டும் தெரியாமல் எடுத்தவன்.” பிறகு குரல் தாழ்ந்தது. “தெரியேல்லை எண்டு சொன்னானே, அதை எனக்கு இன்னொருக்காக் கேக்கவேணும்.”

“அம்மா, லைனை வையாதேங்கோ” என்றார் அக்கா. “எவ்வளவு நேரமெண்டாலும் வையாதேங்கோ.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். மதியத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது, அதை மறந்தே போனேன். பியர்பொன்ட்ஸ்வரை அக்கா அந்தப் போனில் பேசிக்கொண்டே வந்தார். அங்கே இரவு பத்து மணி. சாப்பிட்டீர்களா, முழங்கால் வலியா, மழை பெய்ததா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டார். அந்தத் தாயும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், வைத்துவிட்டால் போய்விடும் என்று இருவருக்கும் ஒரே பயம். நெடுஞ்சாலையில் ஒருமுறை சத்தம் விட்டுவிட்டுக் கேட்டபோது அக்கா ‘அம்மா, அம்மா’ என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மனிதர் வீட்டு முன்னால், பனிக்காலத்துக்குக் காரின் மேல் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லாத நாள். கம்பிகள் புல்லில் கிடந்தன. அக்கா கார் நிற்பதற்குள் இறங்கிப் போய்ப் போனை அவர் கையில் வைத்தார். அவர் அதைக் காதில் வைத்தார்.

அந்தப் பக்கமிருந்து அந்தத் தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருமுறை. இரண்டாவது முறை. கொஞ்சம் தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

“ஓம்” என்றார் அவர்.

கூடாரத் துணியை மடிக்க உதவுவதற்காக வெளியே வந்திருந்த அவர் மனைவி, கேட்டேயிராத ஒரு பெயருக்குத் தன் கணவர் ஓம் சொல்வதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.